இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்று கோட்டை பார்க்க வந்தது நல்ல சுற்றுலாக் கூட்டம். கேள்வியும் கேட்டார்கள், பதிலையும் கேட்டார்கள். இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். ஒரு பெரியவர் மட்டும் கோட்டை வாசலிலிருந்தே கால் வலி என்று முனகிக்கொண்டு வந்தார். நர்ஸம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் வலி எங்கே போனதோ தெரியவில்லை. எல்லாரும் அப்படித்தான். மதிலை வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கல். அதே கல்லில் ஒருத்தி ஆணியடித்துக் காலண்டர் மாட்டியிருப்பதைப் பார்த்தால்தான் வாயைப் பிளக்கிறார்கள்.

மதிலோரத் தெரு வீடுகளுக்கெல்லாம் கோட்டை மதில்தான் பின்சுவர். நர்ஸம்மாவின் படுக்கையறையில், என்றோ நடந்த முற்றுகையில் வந்து சொருகிய பீரங்கிக் குண்டு இன்னும் பாதி வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. “கட்டிலை இப்படிப் போட்டா தலையில இடிக்கும், அப்படிப் போட்டா கால்ல இடிக்கும். எங்க வீட்ல சண்டை இன்னும் முடியலைங்க” என்று அந்த அம்மா சொல்லும்போது, எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். இரண்டு வீடு தள்ளி டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். படைவீரர்களுக்காக வெட்டிய கிணறு அவர் சமையலறை நடுவில் இருக்கிறது. அதன்மேல் பலகை போட்டு வெங்காயம் நறுக்குகிறார்.

யாரும் எனக்குக் கதவு திறந்தாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஆனால் திறக்கிறார்கள். என் தட்டு அவர்களுக்குத் தெரியும்: விரலை மடக்கி இரண்டு, கொஞ்சம் நிறுத்தி ஒன்று. அது காதில் விழுந்தால் யாரென்றுகூடக் கேட்க மாட்டார்கள், தாழ்ப்பாளை எடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மற்ற வழிகாட்டிகள் அங்கே தட்டுவதில்லை. ஒரு வீட்டைத் திறக்க வைத்தவர்தான் அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பது எங்கள் தொழிலில் யாரும் சொல்லாமலே எல்லாரும் காக்கும் மரியாதை.

நாத்தனார் வழக்கம்போலக் கூட்டத்தின் கடைசியில் வந்தாள். யார் பின்தங்குகிறார்கள், யார் குழந்தை அழுகிறது என்று பார்ப்பது அவள் பொறுப்பு. இவர் அலுவலகத்திலிருந்து வந்ததும், “என் தங்கச்சி ஒழுங்கா வேலை செய்யறாளா?” என்று கேட்டார். உங்களைவிட ஒழுங்கு என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

காவல் கோபுரப் படியில் சறுக்கி விழுந்தேன். கணுக்கால் வீங்கிப் பூசணி மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் காலைத் தரையில் வைக்கவே கூடாது என்கிறார். ஏற்கெனவே வருவதாகச் சொன்ன கூட்டங்களை என்ன செய்வது? நாத்தனார், “நான் பார்த்துக்கறேன் அண்ணி, எத்தனை வருஷமா பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றாள்.

சாப்பாட்டு மேசையில் அவளுக்குத் தட்டுக் கற்றுக்கொடுத்தேன். முதலில் அவசரமாகத் தட்டினாள். நடுவில் அந்த நிறுத்தம்தான் முக்கியம், அந்த இடைவெளியில்தான் என்னை அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள் என்றேன். மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தாள். இவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “ரெண்டு பேரும் என்ன, ரகசியப் போலீஸா?” என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்று, பள்ளிக்கூடச் சீருடையோடு வாசலில் நின்றவள் அவள். அன்றிலிருந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். கம்பெனிக்காரன் அவளை வேலையை விட்டு நிறுத்தியபோது என் தொழிலில் பாதியைக் கொடுத்தேன். சும்மா சொல்லவில்லை, கூடப் பிறந்திருந்தால்கூட இப்படி ஒட்டியிருப்போமா என்று இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தேன். நாளெல்லாம் அதே வேலை.

மார்ச் 21, வெள்ளி

நாத்தனார் வந்தாள். எல்லா வீட்டிலும் திறந்தார்களாம், ஒரு குறையும் இல்லையாம். நர்ஸம்மா என்னை விசாரித்தாரா என்று கேட்டேன். “ரொம்ப விசாரிச்சாங்க” என்றாள். கொஞ்சம் அவசரமாகக் கிளம்பினாள், போனும் விடாமல் வந்துகொண்டிருந்தது. பாவம், என் சுமையையும் சேர்த்துத் தூக்குகிறாள்.

இவர் இப்போதெல்லாம் தானே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறார். இன்று பாத்திரமும் கழுவினார். காலை உடைத்துக்கொண்டால்தான் புருஷன் அருமை தெரியும் போலிருக்கிறது என்று கிண்டல் செய்தேன். சிரிக்காமல் போய்விட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மறுபடி தெருவுக்குப் போனேன். லேசாக நொண்டல், மற்றபடி நன்றாக இருக்கிறேன். ஆனால் என்னவோ சரியில்லை.

நர்ஸம்மா திறந்தார். ஆனால் உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்றார். வந்தவர்களிடம் சண்டை இன்னும் முடியவில்லை என்ற பேச்சையும் பேசவில்லை. கூட்டம் வெளியே போனதும் என்னைத் தனியாக நிறுத்தி, “நீங்க அனுப்பின ஆளுங்க கட்டிலை நகர்த்திட்டு அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க. நான் ஒண்டியா இழுத்துப் போட்டேன்” என்றார்.

எந்த ஆட்கள்? கையில் சின்ன டார்ச் மாதிரிக் கருவி வைத்துக்கொண்டு சுவருக்குச் சுவர் சிவப்புப் புள்ளி அடித்து அளந்தார்களாம். மாஸ்டர் வீட்டில் குளியலறையைக்கூடப் படம் எடுத்தார்களாம். விரிசல் எங்கே, ஒழுகல் எங்கே என்று துருவித் துருவிக் கேட்டார்களாம். கூட யார் வந்தது என்று கேட்டேன். நர்ஸம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உங்க நாத்தனார்தான். உங்க தட்டுதான். அதனாலதானே திறந்தேன்.”

ஏப்ரல் 7, திங்கள்

கேட்டுவிட்டேன். கட்டடக்கலை படிக்கிற காலேஜ் பிள்ளைகளாம், படிப்புக்காக அளந்தார்களாம். “உங்க கால் இருந்த நிலைமையில இதை வேற சொல்லணுமான்னு விட்டுட்டேன் அண்ணி.” அப்பாடா. என்னென்னவோ நினைத்துவிட்டேன். இருந்தாலும் குளியலறையெல்லாம் எதற்கு, கேட்டுவிட்டுச் செய்யக் கூடாதா என்று கொஞ்சம் கடிந்துகொண்டேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். பிறகு எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

நர்ஸம்மாவிடம் காலேஜ் பிள்ளைகள் என்று சொன்னேன். “அவ்வளவு வயசான பிள்ளைங்களா?” என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்றைக்கு எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நகராட்சி மண்டபத்தில் பழைய நகரத்துக்கான புதுத் திட்டத்தைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வழிகாட்டி பார்க்காவிட்டால் எப்படி என்று போனேன். நடுக்கூடத்தில் பெரிய மேசை, மேலே மதிலோரத் தெரு. அட்டையிலும் மரத்திலும் செய்த மாதிரி வடிவம். அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். கூரைகளைக் கழற்றி உள்ளே பார்க்கலாம். ஒரு குழந்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நர்ஸம்மா வீட்டுக் கூரையைத் தூக்கினேன். கட்டில் இல்லை. குண்டைச் சுற்றி ஒரு கயிற்று வேலி, பக்கத்தில் கடுகளவு ஒரு பொம்மைப் பெண், பழங்காலத்து உடையில். மாஸ்டர் வீட்டுச் சமையலறை காபிக் கடை. கிணற்றுப் பலகையைக்கூட விடவில்லை, அதுதான் மேசை. சமையலறைக்குள் இறங்கும்போது தடுக்குமே ஒரு ஒற்றைப் படி, அந்தப் படியும் இருந்தது. தெருமுனையில் டிக்கெட் கவுன்ட்டர். தெரு முழுக்கக் குட்டிக் குட்டி மனிதர்கள் நடக்கிறார்கள், ஒருவரும் அங்கே குடியிருப்பவர் இல்லை. கொடியில் ஒரு துணி இல்லை.

குடியிருப்பவர்களை நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றப்போகிறார்கள் என்று மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தி பெரிய மனிதர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். புதுக் கோட்டு, கழுத்தில் திட்ட அலுவலக அடையாள அட்டை. குரல் கேட்டதும் தெரிந்துவிட்டது. நான் பின்னிவிட்ட தலை.

என்னைப் பார்த்ததும் விளக்கத்தைப் பாதியில் நிறுத்தினாள். பிறகு ஓரமாக அழைத்துப் போனாள். “உங்ககிட்ட முறையா சொல்லணும்னுதான் இருந்தேன் அண்ணி. உங்களை விட்டுட்டுச் செய்வேனா? உங்களுக்கும் இடம் வச்சிருக்கேன்.” என்ன இடம் என்றேன். அந்தப் பொம்மையைக் காட்டினாள். குண்டு வீட்டு அம்மாவாக, அந்த உடையைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடம் நான் பேச வேண்டுமாம். “அந்த வீட்டைப் பத்தி உங்களை மாதிரி யாரு பேசுவா?”

நர்ஸம்மாவைத் துரத்திவிட்டு நான் நர்ஸம்மாவாக நடிக்க வேண்டும். இதை ஒரு உபகாரம் மாதிரி சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

காலையில் வீட்டுக்கு வந்தாள். நான் கத்தினேன், ஆமாம், கத்தினேன். என் தட்டைத் தட்டி இன்னொருத்தர் வீட்டுக்குள்ள ஆளைக் கூட்டிட்டுப் போனியே, உனக்குக் கை வந்துச்சா என்றேன்.

அவள் அழவில்லை. நிதானமாகப் பேசினாள். “யாராவது செய்யத்தான் போறாங்க அண்ணி. கூரை ஒழுகுது, சுவர் விரியுது, இன்னும் எவ்வளவு நாள்? வெளியாள் வந்து செய்யறதுக்கு நாமளே செஞ்சா நல்லபடியா செய்வோம்னு நினைச்சேன். எத்தனை நாள் நான் உங்க பின்னாடியே நிக்கறது?”

கடைசியில் சொன்னது மட்டும் நிஜம் என்று பட்டது. என் பின்னால் நிற்பது அவளுக்குக் கசந்திருக்கிறது. சொல்லியிருக்கலாமே. முன்னால் விட்டிருப்பேனே. விட்டிருப்பேனா?

நான் இவர் பக்கம் திரும்பி, கேட்டீங்களா உங்க தங்கச்சி பண்ணின வேலையை என்றேன். இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது. டீ. கழுவிய பாத்திரம்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“உன் கால் சரியாகட்டும்னு பார்த்தேன்” என்றார்.

கால் சரியாகி எத்தனை நாளாச்சு. அவ என் தங்கச்சி, நான் என்ன செய்யறது என்கிறார். நான் யாரு? இத்தனை வருஷமா இந்த வீட்ல நான் யாரு? மேசையில அவ தட்டிப் பழகினப்ப இவரும்தானே சிரிச்சார். அப்பவே தெரியுமா, இல்லை அப்புறமாவா? கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் எனக்கு ஆகாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

போனேன். கூட்டம் இல்லாமல் தனியாக. நர்ஸம்மா கதவைத் தட்டினேன், பழைய பழக்கத்தில் அதே தட்டு. உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. திறக்கவில்லை. மாஸ்டர் வீட்டிலும் திறக்கவில்லை. தெருவில் நடந்தேன், எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி என்னைக் கண்டதும் பாதித் துணியைக் கூடையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாஸ்டர் மாடி ஜன்னலைத் திறந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. “நாங்க உங்களுக்குக் கதவைத் திறந்தோம் கைடம்மா. அவங்களுக்குத் திறக்கலை” என்றார். எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்றேன். “தெரியாமத்தான் இருக்கும். ஆனா எங்க வீடுதானே போகுது” என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார்.

ஏப்ரல் 26, சனி

இவரிடம் பேசவில்லை. உப்பு எங்கே என்று கேட்டார், கை காட்டினேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

தெருக்காரர்கள் மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூலில் கூடுகிறார்கள் என்று தெரிந்து, கூப்பிடாமலே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சுவர் முழுக்க “நிறுத்துக”, “திரும்பாதே” என்று சாலைக் குறிகள்.

ஒரு வக்கீல் வந்து விளக்கினார். வீடுகள் இவர்களுக்குச் சொந்தம். அதிகாரி உள்ளே வந்து பார்த்து, குடியிருக்கத் தகுதியில்லை என்று சான்று கொடுத்தால்தான் காலி செய்யச் சொல்ல முடியும். அவர் உள்ளே வர வீட்டுக்காரர் சம்மதித்துக் கதவு திறக்க வேண்டும். திறக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டும், அது சுலபத்தில் நடக்காது, அதற்குள் கூரையையும் சுவரையும் நாமே சரிசெய்துவிடலாம் என்றார். திறக்காமல் இருப்பது ஒரு பெரிய காரியமா என்று ஒருவர் சிரித்தார். அதற்கு மாஸ்டர், “அந்தத் தட்டு கேட்டா கை தானா தாழ்ப்பாளுக்குப் போயிடுதுங்க. எத்தனை வருஷப் பழக்கம்” என்றார். நேற்றுகூட நாத்தனார் வந்து தட்டியபோது கோடி வீட்டு அம்மா பழக்கத்தில் திறந்துவிட்டாராம்.

நான் எழுந்தேன். அந்தத் தட்டு என்னோடது, அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றேன். “இனிமே அது கேட்டா திறக்காதீங்க. நானே தட்டினாலும் திறக்காதீங்க. கூட்டத்தைக் கூட்டிட்டு நான் வரமாட்டேன்.”

நர்ஸம்மா திரும்பிப் பார்த்தார். “அப்ப உங்க பொழப்பு?”

பார்த்துக்கலாம் என்றேன். என்னத்தைப் பார்ப்பேன், எனக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது அந்தத் தெரு ஒன்றுதான்.

மே 6, செவ்வாய்

அதிகாரிகள் வந்தார்கள். நான் காலையிலேயே நர்ஸம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவரும் திறந்தார். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, ஆனால் இரண்டு டம்ளர் டீ போட்டிருந்தார். படுக்கையறையில் கட்டிலில் உட்கார்ந்தோம். தெருவில் ஒவ்வொரு கதவாக நின்று அழைப்பது கேட்டது. ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் அதிகாரிகளின் குரல் கொஞ்சம் உயர்ந்தது, செருப்புச் சத்தம் தெருவில் நெருங்கி வந்தது.

பிறகு எங்கள் கதவு. இரண்டு. நிறுத்தம். ஒன்று.

அச்சு அசல் என் தட்டு. இவ்வளவு நன்றாகவா கற்றுக்கொடுத்தேன்? நர்ஸம்மா சட்டென்று எழுந்துவிட்டார். பழக்கம்தான். கை நீட்டியவர் பாதியில் நின்றார். நான் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன், எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

“அண்ணி, உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். ஒரு நிமிஷம் திறங்க. இவங்க முன்னாடி என்னை அவமானப்படுத்தாதீங்க.”

அவள் குரல் உடைந்திருந்தது. நான் கல்யாணமாகி வந்த அன்று பள்ளிக்கூடச் சீருடையோடு நின்றாளே, அந்தக் குரல். எழுந்துபோய்த் திறந்துவிட வேண்டும் போல வந்தது, பொய் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை விடாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடி தட்டினாள், இந்த முறை நிறுத்தமே இல்லை, வெறும் தட்டு. அப்புறம் ஒன்றுமில்லை.

டீ ஆறிவிட்டது. நர்ஸம்மா சூடுபண்ணிக்கொண்டு வந்தார்.

மே 8, வியாழன்

இவர் கேட்டார்: “அவளை வாசல்ல நிக்க வச்சுட்டு உள்ள உட்கார்ந்திருந்தியாமே?” அதற்கு வருத்தப்பட்டார். எனக்கு நடந்ததற்கு இதுவரை ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை. பெட்டியை எடுத்தேன். தடுக்கவில்லை; இது எவ்வளவு நாளைக்கு என்று மட்டும் கேட்டார்.

நர்ஸம்மாவின் மாடி அறை காலியாக இருந்தது. அவரே சாவி கொடுத்தார்.

ஜூன் 2, திங்கள்

திட்டத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கைவிடவில்லை, தள்ளி வைத்திருக்கிறார்கள். தெருக்காரர்கள் தாங்களே கூரை வேயத் தொடங்கிவிட்டார்கள். இனி எந்தக் கூட்டத்துக்கும், எந்த வழிகாட்டிக்கும் கதவு திறப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். நானும் கை தூக்கினேன். கை கனத்தது.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்கிற வேலை கொடுத்திருக்கிறார். முற்றுகையும் படையெடுப்பும் சொன்ன வாயால் கிளட்ச், ரிவர்ஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்களுக்கு அதிலேயும் கதை சொல்கிறேனாம், சீக்கிரம் முடியுங்க என்கிறார்.

இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். வாசலில் நின்று பேசுகிறோம். நேற்று மன்னிப்புக் கேட்டார். சரி என்றேன். வீட்டுக்கு வா என்றார். அதற்குச் சரி என்று வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் மாடி ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையிலிருந்து கூட்டம் வரும் சத்தம். எட்டிப் பார்த்தேன். முன்னால் நாத்தனார். கோட்டு இல்லை, பழைய பருத்தி உடை. அந்தப் பதவி போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். பின்னால் யாரும் இல்லை; பின்தங்குகிறவர்களையும் அவளேதான் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். முற்றுகையைச் சொன்னாள், குண்டைச் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியமும் என்னுடையது. நான் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டாள். நான் சிரிக்க வைக்கிற இடத்தில் அவர்கள் சிரித்தார்கள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, ஆனால் கூடவே வேறு என்னவோவும் வந்தது, அதற்குப் பெயர் தெரியவில்லை. நன்றாகத்தான் சொன்னாள்.

அப்போது ஒரு பெண் உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். நாத்தனார் நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள். கையில் ஈரத் துணியோடு நான். அவள் கை கதவுப் பக்கம் போகவில்லை.

“இல்லைங்க. இங்க ஆளுங்க குடியிருக்காங்க” என்றாள். “திறக்க மாட்டாங்க.”

கூட்டத்தை அழைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள். மிச்சத் துணியைக் காயப்போட்டுவிட்டு, அவர்கள் பின்னால் போகலாம் என்று நான் கீழே இறங்கினேன்.